காலத்துக்கு இரண்டாவது திசை இருக்க முடியுமா?

வெளிக்கு, அதாவது நீளம், அகலம், உயரம் கொண்ட இடத்துக்கு, கூடுதல் பரிமாணங்கள் இருக்கலாம் என்ற பேச்சு இயற்பியலில் நூறு ஆண்டுப் பழையது. 1921-இல் தியோடர் கலூசா ஐந்தாவதாக ஒரு பரிமாணத்தைச் சேர்த்து, ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார். அந்தப் பரிமாணம் ஏன் நம் கண்ணில் படவில்லை? மிகமிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருப்பதால்தான் என்று 1926-இல் பதில் சொன்னார் ஆஸ்கர் கிளைன். இன்று, துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வாகப் பார்க்கும் இழைக் கோட்பாடு பத்துப் பரிமாணம் கேட்கிறது, அதன் பல வடிவங்களை ஒன்றிணைக்கும் எம்-கோட்பாடு பதினொன்று கேட்கிறது. ஆனால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது வெளி, ஒன்று காலம். பதினொன்றில் பத்து வெளி, ஒன்று காலம். வெளியை இத்தனை தாராளமாகக் கூட்டுகிறவர்கள் காலத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் பதில் ஒரு கழித்தல் குறியில் இருக்கிறது. அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டால், இரண்டாவது காலம் ஏன் அத்தனை ஆபத்தானது என்பதும், அப்படியும் சிலர் அதை ஏன் விடாமல் துரத்துகிறார்கள் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும். பெருக்கல், கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில், இரண்டு காலம் என்றால் என்ன? சென்னையில் ஒரு மணி, லண்டனில் ஒரு மணி என்பது போல அல்ல. ஒரு சம்பவம் நடந்த நேரத்தைச் சொல்ல நமக்கு ஒரே ஒரு எண் போதும். இரண்டு காலம் உள்ள உலகில் இரண்டு எண்கள் வேண்டும், ஒன்றை வைத்து மற்றதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. காலம் அங்கே கோடு அல்ல, ஒரு தளம். கோட்டில் 3 முந்தியது, 7 பிந்தியது என்று தயங்காமல் சொல்லலாம். தளத்தில் (3, 4) என்ற நேரமும் (4, 3) என்ற நேரமும் இருந்தால் எது முந்தியது? முதல் காலத்தைக் கேட்டால் ஒரு பதில், இரண்டாவதைக் கேட்டால் வேறு பதில்.

சரி, அந்தக் கழித்தல் குறிக்கு வருவோம். 1908-இல் கொலோன் நகரில் ஆற்றிய உரையில் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி, ஐன்ஸ்டைனின் சார்பியலை வடிவியலாக மாற்றிக் காட்டினார். காகிதத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பித்தாகரஸ் முறைப்படி கண்டுபிடிக்கும்போது வர்க்கங்களைக் கூட்டுகிறோம். வெளியும் காலமும் சேர்ந்த கணக்கில் காலத்தின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒளி ஒரு நொடியில் போகும் தூரத்தை ஒளிநொடி என்போம், ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். இரட்டைச் சகோதரிகளில் அக்கா வீட்டில் இருக்கிறாள். தங்கை விண்கலத்தில் 3 ஒளிநொடி தூரத்தை 5 நொடியில் கடந்து, அதே வேகத்தில் இன்னொரு 5 நொடியில் திரும்பி வருகிறாள். அக்காவின் கடிகாரத்தில் 10 நொடி. தங்கையின் கடிகாரத்தில்? போகும் வழிக்கு 25-இல் 9 போனால் 16, அதன் வர்க்கமூலம் 4. திரும்பும் வழிக்கும் 4. மொத்தம் 8 நொடி. தங்கைக்கு 2 நொடி குறைவாகவே வயது கூடியிருக்கிறது.

இது காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. மியூவான் என்ற துகள் ஓய்வில் இருந்தால் சராசரியாக 2.2 மைக்ரோநொடியில் சிதைந்துவிடும். 1970-களில் செர்ன் ஆய்வகத்தில் அதை ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் வளையத்துக்குள் ஓடவிட்டபோது சராசரி ஆயுள் ஏறத்தாழ 64 மைக்ரோநொடியாக நீண்டது. கழித்தல் குறி சொன்ன கணக்கு அப்படியே பலித்தது.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், பின்னால் வரும் எல்லாம் இதில்தான் நிற்கிறது. பள்ளியில் படித்த முக்கோணத்தில் இரண்டு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவது பக்கத்தைவிட நீளமாக இருக்கும். வளைந்து போனால் தூரம் கூடும், நேரே போனால் குறையும். இங்கே அது தலைகீழ். நேரே இருந்த அக்காவுக்கு 10, வளைந்து போய் வந்த தங்கைக்கு 8. இரண்டு பக்கங்களின் கூட்டு மூன்றாவதைவிடக் குறைவு.

இப்போது இரண்டாவது காலத்தைச் சேர்ப்போம். இரண்டு காலங்களின் வர்க்கங்களுக்கும் ஒரே குறி, வெளிக்கு மட்டும் எதிர்க்குறி. அதாவது இரண்டு காலங்களும் தங்களுக்குள் பழைய பித்தாகரஸ் முறைப்படியே நடந்துகொள்ளும். முதல் சிக்கல் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஒரே காலம் உள்ள உலகில் எதிர்காலத்தை நோக்கிப் போகும் ஒருவர் இறந்தகாலத்தை நோக்கித் திரும்ப முடியாது. திரும்ப வேண்டும் என்றால் இடையில் ஒரு கட்டத்தில் காலத்தில் நகராமல் வெளியில் மட்டும் நகர வேண்டும். அதற்கு ஒளியைவிட வேகமாகப் போக வேண்டும், அது நடக்காது. எதிர்காலமும் இறந்தகாலமும் ஒன்றையொன்று தொடாத இரண்டு தனிப் பகுதிகளாக இருப்பது இதனால்தான். இரண்டு காலம் இருந்தால் இந்தப் பூட்டு திறந்துவிடும். மைதானத்தில் ஓடுகிறவர் நிற்காமல் அரைவட்டம் அடித்து எதிர்த்திசைக்குத் திரும்புவது போல, முதல் காலத்தில் முன்னே போய், இரண்டாவது காலத்தின் பக்கம் சாய்ந்து, அப்படியே முதல் காலத்தில் பின்னே வந்துவிடலாம். வெளியில் ஒரு அடிகூட நகர வேண்டாம், எந்த வேக வரம்பையும் மீற வேண்டாம். வட்டத்தை முழுதாக முடித்தால் புறப்பட்ட நேரத்துக்கே வந்து சேரலாம். காரணம் முன்னே, விளைவு பின்னே என்ற வரிசைக்குக் காவலாக எதுவும் மிச்சம் இருக்காது.

இரண்டாவது சிக்கல் இன்னும் அழகானது என்பது என் எண்ணம். 1970-இல் ஜான் டோர்லிங் ஒரு கட்டுரையில், ஒன்றுக்கு மேற்பட்ட காலம் இருந்தால் புரோட்டானும் எலக்ட்ரானும் நிலைத்திருக்கவே முடியாது என்று காட்டினார். அவர் கையில் எடுத்தது நாம் மேலே பார்த்த அதே தலைகீழ் முக்கோணத்தைத்தான்.

ஒரு துகளின் நிறையும் அதே கழித்தல் கணக்கில்தான் வருகிறது. ஆற்றலின் வர்க்கத்திலிருந்து உந்தத்தின் வர்க்கத்தைக் கழித்தால் நிறையின் வர்க்கம் கிடைக்கும் (ஒளியின் வேகத்தை 1 என்று வைத்துக்கொள்ளும் அலகுகளில்). 10 அலகு நிறையுள்ள ஒரு துகள் இரண்டாக உடைகிறது என்போம். இரண்டு துண்டுகளுக்கும் ஆற்றல் 5, 5. உந்தம் ஒன்றுக்கு வலப்பக்கம் 3, மற்றதற்கு இடப்பக்கம் 3. ஆக நிறை 4, 4. அக்கா தங்கை கணக்கில் வந்த அதே எண்கள்! பிள்ளைகளின் நிறையைக் கூட்டினால் 8, தாயின் நிறை 10. மிச்சமுள்ள 2 ஓட்டத்தின் ஆற்றலாகப் போனது. எப்படி உடைத்தாலும் பிள்ளைகளின் மொத்த நிறை தாயின் நிறையைத் தாண்டாது.

நாம் இருப்பதே இந்த விதியால்தான். புரோட்டானின் நிறை 938.3 அலகு, நியூட்ரானின் நிறை 939.6 (அலகு இங்கே மெகா எலக்ட்ரான்வோல்ட்). தனியாக விடப்பட்ட நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரத்துக்குள் புரோட்டானாகச் சிதைந்துவிடுகிறது. தனியாக விடப்பட்ட புரோட்டான் நியூட்ரானாக மாறாது, ஏனென்றால் பிள்ளை தாயைவிடக் கனமாகிவிடும். ஹைட்ரஜன் அணு கோடிக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் இருப்பது இந்த 1.3 அலகு வித்தியாசத்தை நம்பித்தான்.

காலம் இரண்டானால் ஆற்றலும் இரண்டு கூறுள்ள எண்ணாகிவிடும். ஒரு துண்டுக்கு (3, 4), மற்றதற்கு (3, −4) என்று வையுங்கள், உந்தம் எதுவும் வேண்டாம். முதல் துண்டின் நிறை: 9-உம் 16-உம் கூட்டினால் 25, வர்க்கமூலம் 5. இரண்டாவதற்கும் 5. இரண்டையும் சேர்த்தால் மொத்த ஆற்றல் (6, 0), ஆக தாயின் நிறை வெறும் 6. ஆறு அலகுத் துகள் ஐந்தும் ஐந்துமாக உடைகிறது! எந்த ஆற்றலும் புதிதாகப் பிறக்கவில்லை, எதுவும் காணாமல் போகவும் இல்லை. இரண்டாவது கூறில் +4-உம் −4-உம் அடித்துக்கொண்டன, அவ்வளவுதான். சாதாரண முக்கோணம் திரும்பி வந்துவிட்டது, தலைகீழ் முக்கோணம் தந்த காவல் போய்விட்டது. புரோட்டான் நியூட்ரானாகலாம், எலக்ட்ரான் தன்னைவிட 200 மடங்கு கனமான மியூவானாகலாம். பொருள் என்று நாம் சொல்லும் எதுவும் நம்பி நிற்க இடமிருக்காது.

அப்புறம், கணிப்பு. இன்றைய நிலைமை சரியாகத் தெரிந்தால் நாளைய நிலைமையைச் சமன்பாடு சொல்லிவிடும். நியூட்டனிலிருந்து வானிலை மையம் வரை எல்லோரும் இதை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். இரண்டு காலம் இருந்தால் "இன்று" என்பதே ஒரு கணமாக இருக்காது. முதல் காலத்தை ஓரிடத்தில் நிறுத்தினாலும் இரண்டாவது காலம் முழுவதும் அதற்குள் விரிந்து கிடக்கும். அளவீட்டில் வரும் சின்னப் பிழைகூட விடையை எங்கேயோ கொண்டுபோய்விடும். 1997-இல் மாக்ஸ் டெக்மார்க் இதை வைத்து, காலம் ஒன்றுக்கு மேல் உள்ள உலகில் எதையும் கணிக்க முடியாது, அதனால் கவனித்துச் சிந்திக்கும் உயிர்கள் அங்கே தோன்றிப் பயனில்லை என்று வாதிட்டார். கதவு முழுதாக மூடிவிடவில்லை. 2009-இல் வால்டர் கிரேக், ஸ்டீவன் வைன்ஸ்டைன் இருவரும், தொடக்கத் தகவல்கள் ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தால் சமன்பாடு ஒழுங்காக ஒரே விடையைத் தரும் என்று நிறுவினார்கள். ஆனால் அந்தக் கட்டுப்பாடு விலை கேட்கிறது. இங்கே உள்ள தகவலும் எங்கோ தூரத்தில் உள்ள தகவலும் முன்கூட்டியே ஒத்துப்போயிருக்க வேண்டும். ஆய்வகத்தில் உட்கார்ந்து "இப்படி வைத்துத் தொடங்குவோம்" என்று இஷ்டப்படி எதையும் வைக்க முடியாது.

கிளைன் செய்தது போல இரண்டாவது காலத்தையும் சுருட்டி ஒளித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேயும் குறி குறுக்கே வருகிறது. சுருண்ட வெளிப் பரிமாணத்துக்குள் ஒரு துகள் ஓடினால், வெளியே இருக்கும் நமக்கு அதன் நிறை கூடியது போலத் தெரியும், அந்த உந்தத்தின் வர்க்கம் நிறையின் வர்க்கத்தோடு கூடிக்கொள்கிறது. சுருண்ட காலத்துக்குள் ஓடினால் கூடுவதற்குப் பதில் கழிகிறது. வட்டம் சிறிதாகச் சிறிதாகக் கழிகிற எண் பெரிதாகி, நிறையின் வர்க்கம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அப்படிப்பட்ட துகளுக்கு டாக்கியான் என்று பெயர். ஒரு கோட்பாட்டில் அது எட்டிப் பார்த்தால், அந்த உலகம் தன் நிலையில் நிற்காது என்று பொருள்.

குவாண்டம் இயற்பியலில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரு திசை காலமாக இருக்கும்போது, அந்தத் திசையில் அதிரும் புலக்கூறு எதிர்மறை நிகழ்தகவைக் கொடுக்கும். "இது நடக்க வாய்ப்பு மைனஸ் முப்பது சதவீதம்" என்பதற்கு அர்த்தமே கிடையாது. ஒரே காலம் இருக்கும்போதே இந்தத் தொல்லை இருக்கிறது, ஒளியின் சமன்பாட்டிலேயே இருக்கிறது. அதிலிருந்து நம்மைக் காப்பாற்றுவது கேஜ் சமச்சீர்மை. ஒரே இயற்பியலைப் பல விதமாக எழுதலாம், எப்படி எழுதினாலும் அளந்து பார்க்கும் விடை மாறாது என்ற விதி அது. மிகையாக இருக்கும் கூறுகளை அது அழித்துவிடுவதால் ஒளிக்கு நான்கு கூறுகளில் இரண்டு முனைவாக்கங்கள் (ஒளி அதிரும் இரண்டு விதங்கள்) மட்டுமே மிஞ்சுகின்றன. இரண்டாவது காலம் வந்தால் இரண்டாவது தொல்லையும் கூடவே வரும். அதை அழிக்க இந்தச் சமச்சீர்மை போதாது.

இத்தனைக்கும் பிறகு ஏன் ஒருவர் இரண்டாவது காலத்தைத் தேட வேண்டும்? கோட்பாடுகளே அந்தப் பக்கம் கை காட்டுகின்றன என்பதுதான் பதில். 1996-இல் கும்ரூன் வாஃபா, இழைக் கோட்பாட்டின் இன்னொரு வடிவமான எஃப்-கோட்பாடு பற்றி எழுதிய கட்டுரையில் பன்னிரண்டு பரிமாணங்கள் வந்தன. கூடுதலான அந்த இரண்டையும் பெரும்பாலானோர் கணக்குக்கு உதவும் வடிவியலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 1998-இல் கிறிஸ் ஹல், 10 வெளி 1 காலம் கொண்ட எம்-கோட்பாடு 9 வெளி 2 காலம், 6 வெளி 5 காலம் கொண்ட வேறு வடிவங்களோடு தொடர்புள்ளது என்று காட்டினார். இவை கணிதத்தில் கிடைத்த தடயங்கள். இவற்றை ஒரு முழு ஆராய்ச்சித் திட்டமாக வளர்த்தவர் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இட்ஸாக் பார்ஸ்.

பார்ஸ் தொடங்கிய இடமே வேறு. ஒரு துகளின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் இயற்பியல் ஏறத்தாழ சமமாகவே நடத்துகிறது. அப்படியானால் அதை முழு விதியாகவே ஆக்கிவிட்டால் என்ன? ஒவ்வொரு கணத்திலும் இருப்பிடத்தையும் உந்தத்தையும் ஒன்றோடொன்று கலந்து மாற்றி எழுதினாலும் இயற்பியல் மாறக்கூடாது என்ற ஒரு கேஜ் சமச்சீர்மையை அவர் வைத்தார். அது மூன்று நிபந்தனைகள் போடுகிறது: இருப்பிடத்தின் வர்க்கம் பூஜ்யம், உந்தத்தின் வர்க்கம் பூஜ்யம், இரண்டின் பெருக்கமும் பூஜ்யம். காலமே இல்லாத வெறும் வெளியில் இதற்கு எல்லாமே பூஜ்யம் என்ற விடைதான் உண்டு. ஒரு காலம் இருந்தால் இருப்பிடமும் உந்தமும் ஒரே கோட்டில் படுத்துவிடும், சொல்லிக்கொள்ள ஒன்றும் நடக்காது. இரண்டு காலம் இருந்தால்தான் உயிருள்ள விடைகள் பிறக்கின்றன. மூன்று வைத்தாலோ எதிர்மறை நிகழ்தகவை அந்தச் சமச்சீர்மையால் முழுதாகத் துடைக்க முடிவதில்லை. காலம் இரண்டுதான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, சமச்சீர்மையே கேட்டு வாங்கியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இரண்டாவது காலத்தைக் கொண்டுவந்த அதே சமச்சீர்மைதான் அதன் தீமைகளையும் அழிக்கிறது. பார்ஸ் எடுத்துக்கொண்டது 4 வெளி, 2 காலம் என்ற ஆறு பரிமாணங்கள். சமச்சீர்மை வேலை செய்து முடித்ததும் 3 வெளி, 1 காலம் மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் எந்த ஒரு காலத்தை மிச்சம் வைப்பது என்பதற்குப் பல வழிகள் உண்டு. ஒரு வழியில் எடுத்தால் தடையின்றி ஓடும் துகளின் சமன்பாடு வருகிறது, இன்னொரு வழியில் எடுத்தால் ஹைட்ரஜன் அணுவின் சமன்பாடு வருகிறது. இவற்றை நிழல்கள் என்கிறார் அவர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு அமைப்புகளாக நமக்குத் தெரிபவை ஆறு பரிமாணத்தில் ஒன்றே. ஹைட்ரஜன் அணுவுக்கு, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத ஒரு கூடுதல் சமச்சீர்மை இருப்பதை விளாதிமிர் ஃபோக் 1935-லேயே கண்டிருந்தார். அடுத்த ஆண்டே பால் டிராக், இதே 4+2 பரிமாணத்தில் அலைச் சமன்பாடுகளை எழுதி, மின்காந்தச் சமன்பாடுகளுக்குள் ஒளிந்திருந்த ஒரு சமச்சீர்மையை வெளியே கொண்டுவந்தார். பார்ஸ் கட்டியது அந்த அடித்தளத்தின் மேல்தான்.

பார்ஸின் இரண்டாவது காலத்துக்குள் நாம் நடந்து போக முடியுமா? முடியாது. கடிகாரத்தில் அதற்கு ஒரு முள் இருக்காது. அது இருப்பதன் அடையாளம் தனித்தனிச் சமன்பாடுகளுக்கு இடையே உள்ள உறவுகளில் மட்டுமே தெரியும். அப்படியானால் அது உண்மையில் இருக்கிறதா, கணக்குக்கு உதவும் உத்திதானா? இயற்பியலாளர்களிடையே இதில் ஒருமித்த பதில் இல்லை. பெரும்பாலானோர் உத்தி என்றே கடந்துபோகிறார்கள். உத்தி என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் இத்தனை உறவுகளை ஒரே இடத்தில் கட்டிவைக்கும் ஒன்றை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து.

செய்திகளில் வரும் "இரண்டாவது காலம்" பெரும்பாலும் இது அல்ல. 2022 ஜூலையில் வெளியான ஒரு சோதனையில், குவாண்டினியம் நிறுவனத்தின் குவாண்டம் கணினியில் வரிசையாக நிறுத்திய 10 இட்டெர்பியம் அயனிகள் மேல் லேசர் துடிப்புகளை ஃபிபோனாச்சி வரிசையில் பாய்ச்சினார்கள்: க, ச என்பவை இரண்டு வகைத் துடிப்புகள் என்றால், க, கச, கசக, கசககச என்று, ஒவ்வொன்றும் முந்தைய இரண்டையும் ஒட்டியது. சீரான துடிப்புக்கு ஏறத்தாழ 1.5 நொடி தாங்கிய ஓர அயனிகளின் குவாண்டம் நிலை, இந்த வரிசைக்கு ஏறத்தாழ 5.5 நொடி தாங்கியது. அந்த வரிசை இரு பரிமாணச் சீர் அமைப்பின் ஒரு சாய்வெட்டு என்பதால் "இரண்டு காலம்" என்ற தலைப்புகள் பறந்தன. அருமையான சோதனைதான், ஆனால் ஆய்வகத்தில் ஓடியது ஒரே காலம். ஸ்டீவன் ஹாக்கிங் பேசிய கற்பனைக் காலமும் கூடுதல் பரிமாணம் இல்லை, இருக்கிற ஒரே காலத்தைக் கற்பனை எண்ணால் எழுதிப் பார்ப்பது அது.

பார்ஸின் கோட்பாடு சோதனைக்கு அருகே வரும் ஓர் இடம் உண்டு. அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலுவிசையின் சமன்பாட்டில், இடம்வலமும் காலத்தின் திசையும் சமமில்லை என்று சொல்லும் ஒரு உறுப்பு இருக்க இடமிருக்கிறது. இருந்தால் நியூட்ரானுக்கு ஒரு மின் இருமுனைத் திருப்புத்திறன் (உள்ளே நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்று விலகி நிற்பதன் அளவு) இருக்க வேண்டும். எத்தனை நுட்பமாக அளந்தும் அது இதுவரை அகப்படவில்லை. ஏன் அந்த உறுப்பு இல்லை என்பதற்கு 1977-இல் ராபர்ட்டோ பெச்சேயும் ஹெலன் குவின்னும் சொன்ன வழியிலிருந்து ஆக்ஸியான் என்ற புதிய துகள் இருக்கலாம் என்ற கணிப்பு பிறந்தது. 2006-இல் பார்ஸ், துகள் இயற்பியலின் சீர்தர மாதிரியை (தெரிந்த துகள்களையும் ஈர்ப்பு தவிர்த்த விசைகளையும் விவரிக்கும் கோட்பாட்டை) 4+2 பரிமாணத்தில் எழுதியபோது, அந்த உறுப்புக்கு அங்கே இடமே கிடைக்கவில்லை என்று கண்டார். ஆக்ஸியான் தேவைப்படவில்லை. இன்னொரு பக்கம், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வலிமையான காந்தத்துக்குள் ஒரு உலோகக் குடுவையைக் குளிரவைத்து, ஆக்ஸியான் நுண்ணலையாக மாறும் மெல்லிய சமிக்ஞைக்காக அலைவரிசை அலைவரிசையாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது கிடைத்துவிட்டால், இரண்டாவது காலத்தின் பக்கம் நிற்பதற்கு இருந்த ஒரு நல்ல காரணம் கையைவிட்டுப் போகும். கிடைக்காமல் போனால் அது மட்டும் எதையும் நிரூபித்துவிடாது, ஆனால் 4+2 கணக்கை இன்னும் பலர் திறந்து பார்ப்பார்கள்.